ஒரே பூச்சி மாத்திரை, வீட்டில் மூன்று விதி

குடியாத்தம் பக்கம் இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய ஆறு வயது மகனுக்குப் பள்ளியில் அல்பென்டசோல் என்ற பூச்சி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மதியச் சாப்பாடு முடிந்த பிறகு, டீச்சர் எதிரிலேயே மென்று விழுங்க வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் விஷயம் தெரிந்த மாமியார், "சாப்பிட்ட வயித்துல குடுத்தா மருந்து எப்படிப் பிடிக்கும், விடியக்காலம் வெறும் வயித்துல குடுத்து விளக்கெண்ணெய் ஊத்தணும்" என்று கோபித்துக்கொண்டாராம். அதே வீட்டில் கொழுந்தனாருக்குப் போன மாதம் வலிப்பு வந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளையில் நாடாப்புழுவின் கட்டி இருக்கிறது என்று சொல்லி, அதே அல்பென்டசோலை தினம் இரண்டு வேளை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவரிடம் மட்டும், "எண்ணெய், நெய் சேர்த்து நல்லா சாப்பிட்டுட்டுப் போடுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு மாத்திரைக்கு மூன்று விதி, யார் சொல்வதைக் கேட்பது, பையனுக்கு மறுபடியும் கொடுக்க வேண்டுமா, மாத்திரை போட்டும் பூச்சி ஒன்றும் வெளியே வரவில்லையே என்று கேட்கிறார்.

சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்பது மேல் கேள்விதான். உள்ளே இருப்பது, இத்தனை பேரில் யாரோ ஒருவர் தப்பாகச் சொல்கிறாரே, அது யார் என்பது. பள்ளியில் செய்ததும் சரி. கொழுந்தனாருக்குச் சொன்னதும் சரி. உங்கள் மாமியார் சொல்வது இன்றைக்குச் சரியில்லை, ஆனால் ஒரு காலத்தில் அதுவும் மருத்துவர்களே சொன்னதுதான். அதற்கு வருகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். டி.பார்ம் முடித்து வேலைக்குச் சேர்ந்தபோது இது முழுசாக வடஆற்காடு மாவட்டம். ஓய்வு பெற்றபோது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகியிருந்தது; திருவண்ணாமலை அதற்கு முன்பே பிரிந்துவிட்டது. இந்த 32 வருடமும் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்றவன். மருந்து உடம்புக்குள் எப்படிப் போகிறது, எதோடு சேர்த்தால் என்ன ஆகும் என்பது என் தொழில். யாருக்கு எத்தனை நாள், எந்த அளவு என்பது உங்கள் டாக்டர் முடிவு செய்ய வேண்டியது, அதில் நான் கை வைக்க மாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அல்பென்டசோல் தண்ணீரில் கரையவே கரையாத சரக்கு. வெறும் வயிற்றில் விழுங்கினால் குடலில் இருந்து ரத்தத்துக்குள் போவது நூற்றுக்கு ஐந்து பங்குகூட இருக்காது. மீதி அப்படியே குடல் வழியாகப் போய் மலத்தில் வெளியேறிவிடும். ஆனால் கொழுப்பில் அது கொஞ்சம் கரையும். காரக்குழம்பு கொதித்து இறக்கும்போது மிளகாய்த்தூளின் சிவப்பு முழுக்க மேலே மிதக்கிற எண்ணெயில் ஏறி நிற்கும், கீழே இருக்கும் தண்ணீர் வெளுத்துத்தான் இருக்கும், பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அதே சங்கதிதான். கொழுப்பு உள்ளே போனதும் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை இறக்குகிறது, பித்தநீர் கொழுப்பைப் பொடிப்பொடியாக உடைக்கிறது, அந்தக் கூட்டத்தோடு மாத்திரையும் சேர்ந்து குடல் சுவரைத் தாண்டுகிறது. அங்கிருந்து கல்லீரலுக்குப் போனதும் அல்பென்டசோல் சல்பாக்சைடு என்று மாறுகிறது. உடம்புக்குள் போய் வேலை செய்கிற உருப்படி இதுதான். ஏறத்தாழ 40 கிராம் கொழுப்பு உள்ள சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கினால், வெறும் வயிற்றைவிட ரத்தத்தில் இதன் அளவு சராசரியாக ஐந்து மடங்கு ஏறுகிறது. மருந்தோடு வரும் அதிகாரப்பூர்வத் தகவல் தாளிலேயே இருக்கிற கணக்கு இது.

அப்படியென்றால் எல்லோருமே நெய்ச்சோறு சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டியதுதானே என்று தோன்றும். தேவையில்லை. பூச்சி எங்கே குடியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். உங்கள் மகனுக்கு மாத்திரை கொடுத்தது குடலுக்குள் இருக்கக்கூடிய உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு இவற்றுக்காக. அவை குடலிலேயே இருக்கின்றன, மாத்திரையும் குடலிலேயே இருக்கிறது. ரத்தத்துக்குள் போகாத அந்த 95 பங்கு அங்கே வீணாவதில்லை, பூச்சியின் மேலேயே படுகிறது. அதனால் பள்ளியில் கொடுக்கும் ஒற்றை மாத்திரைக்குச் சாப்பாடு ஒரு பொருட்டே இல்லை. சாப்பிட்டுவிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். கொழுந்தனாருக்கோ புழு மூளையில், கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. குடலில் எவ்வளவு மாத்திரை கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. மருந்து குடல் சுவரைத் தாண்டி, கல்லீரலைத் தாண்டி, ரத்தத்தில் ஏறி, மூளைக்குப் போய்ச் சேர வேண்டும். அவர் சாப்பிடும் எண்ணெயும் நெய்யும் மருந்துச்சீட்டில் எழுதாத இன்னொரு மருந்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். கல்லீரலில் வரும் நீர்க்கட்டிப் புழுவுக்கும் இதே விதிதான்.

பள்ளியில் ஏன் சாப்பிட்ட பிறகு கொடுக்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் மருந்து இல்லை, கூட்டம். நூறு பிள்ளைகளுக்கு வெறும் வயிற்றில் ஒரு மாத்திரையைக் கொடுத்துப் பாருங்கள். காலையில் சாப்பிடாமல் வந்த நாலு பேருக்குப் பசியிலேயே தலை சுற்றும், ஒருவன் வாந்தி எடுப்பான், அவனைப் பார்த்து இன்னும் ஐந்து பேர் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள், பத்து மணிக்கெல்லாம் ஊரில் 'மாத்திரையில் ஏதோ கலந்துவிட்டார்கள்' என்று பேச்சு கிளம்பிவிடும். சாப்பிட்ட பிள்ளைக்குக் குமட்டல் குறைவு. நம் பள்ளிகளில் சத்துணவு இருப்பதால் சாப்பிட வைத்துக் கொடுப்பது சுலபமும்கூட. நிஜமாகவே வயிற்றில் பூச்சி நிறைய இருக்கும் பிள்ளைக்கு மாத்திரை போட்ட அன்று லேசாக வயிறு வலிக்கலாம், குமட்டலாம். நிழலில் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுத்தால் பெரும்பாலும் தானாகச் சரியாகும். இதில் சாப்பாட்டைவிட முக்கியம், மாத்திரையை மெல்ல வைப்பது. இரண்டு வயதில் இருந்து பெரியவர்கள் வரை 400 மில்லிகிராம், ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்கு அதில் பாதி. சின்னக் குழந்தைகளுக்குப் பொடித்துத் தண்ணீரில் குழைத்துத்தான் கொடுக்க வேண்டும். அழுகிற குழந்தையின் மூக்கைப் பிடித்து முழு மாத்திரையை வாயில் திணிப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். தொண்டையில் சிக்கி மூச்சடைத்துப் போகும். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

இந்தக் குடற்புழு நீக்க நாள் தேசிய அளவில் 2015 முதல் நடக்கிறது, பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று வருடத்துக்கு இரண்டு முறை, 1 முதல் 19 வயது வரை. அன்றைக்கு வராத பிள்ளைகளுக்கு ஒரு வாரம் கழித்து இன்னொரு நாள் கொடுப்பார்கள். மாநிலத்துக்கு மாநிலம், வருடத்துக்கு வருடம் தேதி கொஞ்சம் முன்னே பின்னே போகும். நம் பக்கத்துக்கும் இந்த மாத்திரைக்கும் தனியாகவே ஒரு உறவு உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதுமா, ஊர் மொத்தத்துக்கும் கொடுத்தால்தான் பூச்சி பரவுவது நிற்குமா என்று கண்டுபிடிக்க மூன்று நாடுகளில் நடந்த பெரிய ஆய்வில், இந்தியாவுக்கான களம் திமிரி வட்டாரமும் ஜவ்வாது மலையும்தான். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை நடத்தியது. அங்கே அதிகம் இருந்தது கொக்கிப்புழு. வெறுங்காலோடு நடக்கிறவரின் பாதத்தோல் வழியாகவே உள்ளே போய், குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கிற பூச்சி அது. மலையில் ரத்தசோகை ஏன் தீரவே மாட்டேன் என்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது மாமியாரின் விளக்கெண்ணெய். அவரைக் கேலி செய்ய வேண்டாம், நானும் அதில் வளர்ந்தவன்தான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பாட்டி விளக்கெண்ணெய் புகட்டும் பாலாடையை எடுத்து வருவார், தாத்தா கையைப் பிடித்துக்கொள்வார், அன்று முழுக்க மிளகு ரசச் சோறு மட்டும்தான். வெறும் வயிறு, அப்புறம் பேதி என்கிற இந்த வழக்கம் கைவைத்தியத்தில் மட்டும் இருந்ததில்லை. அல்பென்டசோல் போன்றவை வருவதற்கு முன் ஆங்கில மருத்துவத்தில் இருந்த பூச்சி மருந்துகள் சான்டோனின், கீனோபோடியம் எண்ணெய், டெட்ராகுளோரோஎத்திலீன் என்று பூச்சிக்கும் விஷம், நமக்கும் விஷம் என்கிற ரகம். கடைசியாகச் சொன்னது துணி சலவைக்குப் பயன்படுத்துகிற திரவம், கொக்கிப்புழுவுக்கு அதைத்தான் கொடுத்தார்கள். அது ரத்தத்துக்குள் போனால் ஆபத்து. அதனால்தான் முந்தைய நாளே எண்ணெய்ப் பண்டம் கூடாது, சாராயம் கூடாது, காலையில் வெறும் வயிற்றில் மருந்து, அது உள்ளே தங்காமல் வெளியேற உப்புப் பேதி என்று விதி போட்டார்கள். கொழுப்போடு சேர்ந்தால் மருந்து ரத்தத்தில் ஏறிவிடும் என்பது அன்றைக்கே அவர்களுக்குத் தெரியும், அது ஏறக்கூடாது என்று பயந்தார்கள். இன்றைக்குக் கொழுந்தனாருக்கு அதே காரணத்துக்காகத்தான் எண்ணெய் சேர்க்கச் சொல்கிறோம், ஏற வேண்டும் என்பதற்காக. மருந்துகள் போய்விட்டன, விதி மட்டும் வீடுகளில் தங்கிவிட்டது.

இப்போது அல்பென்டசோல் கொடுத்துவிட்டு விளக்கெண்ணெய் கொடுத்தால் என்ன ஆகும்? குடலில் தங்கிப் பூச்சியின் மேல் வேலை செய்ய வேண்டிய மாத்திரையைப் பேதியோடு அடித்து வெளியே தள்ளிவிடுவீர்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு உடம்பில் தண்ணீர் வற்றிப்போகும். கைவைத்தியம் என்று இன்னொன்றும் நம் பக்கத்தில் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். குடல் பூச்சிக்கு ஆடுதின்னாப்பாளையை அரைத்துக் கொடுப்பது. பெயரே சொல்கிறது, ஆடுகூடத் தொடாத செடி. அதில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் வரவழைக்கும் என்பதில் இன்று சந்தேகமே இல்லை. வேப்பங்கொழுந்தை ஒரு நாள் மென்று துப்பியவரோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன், ஆனால் ஆடுதின்னாப்பாளையைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

வெறும் வயிறு என்ற பழக்கம் படித்தவனையும் விடாது என்பதற்கு நானே சாட்சி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக மாத்திரைக் கவரில் காலைக்குச் சூரியன், ராத்திரிக்குப் பிறை என்று படம் போட்டுக் கொடுப்போம். பூச்சி மாத்திரை என்றால் ஓரத்தில் 'வெ.வ.' என்று என் கை தானாக எழுதிவிடும், வெறும் வயிறு என்று அர்த்தம். யாரும் எழுதச் சொன்னதில்லை, எனக்கு முன்னால் இருந்தவர் எழுதினார், நானும் எழுதினேன். ஒடுகத்தூர் பக்கத்து விவசாயி ஒருவர், மூளையில் கட்டி, இதே மாத்திரை, இரண்டு வாரத்துக்கு வாங்கிப்போனார். சில மாதம் கழித்து மறு ஸ்கேனில் கட்டி அப்படியே இருந்தது. மறுபடி மருந்து வாங்க வந்தபோது சட்டைப் பையில் இருந்து அந்தப் பழைய கவரை எடுத்துக் காட்டினார். நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, என் எழுத்தில் 'வெ.வ.'. "விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து போட்டேங்க, ராத்திரியும் பசியோட போட்டுட்டு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் சோறு. ஒரு நாள் தப்பலைங்க" என்றார். பெருமையோடுதான் சொன்னார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவர் வலிப்புக்காக ஃபெனிடாய்ன் மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்தார். அதுவும் ரத்தத்தில் அல்பென்டசோலைக் குறைக்கக்கூடியது. ஒழுங்காகச் சாப்பிட்டுப் போட்டாலும் சிலருக்கு முதல் தடவையில் கட்டி போவதில்லை. ஆகவே என் இரண்டு எழுத்துதான் காரணம் என்று நிரூபிக்க முடியாது. காரணமே இல்லை என்று என்னாலும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, "அடுத்த கவர்ல நெய்க்கிண்ணம் படம் போடுங்க" என்றார். போட்டேன், ஓய்வு பெறுகிற வரைக்கும் போட்டேன்.

அந்த 40 கிராம் கொழுப்பு நம் வீட்டுச் சாப்பாட்டில் எவ்வளவு என்று கொழுந்தனாருக்காகச் சொல்கிறேன். மூன்று இட்லி, சாம்பாரில் கொழுப்பு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. அதைச் சாப்பிட்டுவிட்டு 'சாப்பிட்டுட்டுத்தான் போட்டேன்' என்றால் பாதிதான் சரி. ஒரு மேசைக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ 14 கிராம் அளவுக்கு வரும். ஒரு பிடி வேர்க்கடலை, 30 கிராம் என்று வைத்தால், அதில் 15 கிராம் கொழுப்பு. நம் ஊரில் கடலைக்கு என்ன பஞ்சம்? ஆறு சதவீதக் கொழுப்புள்ள கெட்டிப் பால் ஒரு டம்ளர், 200 மில்லி, 12 கிராம். ஆக இட்லிப் பொடிக்கு எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, ஒரு பிடி கடலை, ஒரு டம்ளர் கெட்டிப் பால் என்றாலே கணக்கு நேராகிவிடும். முட்டை சாப்பிடுகிறவர் என்றால் ஒரு முட்டை 5 கிராம், பொரிக்கிற எண்ணெய் தனி. இதற்காக தினம் ஆம்பூர் பிரியாணிக்கு ஓட வேண்டாம். 40 என்பது சோதனையில் வைத்த அளவு, 38 ஆனால் மருந்து வேலை செய்யாது என்று இல்லை. இரண்டு வேளையும், ஒவ்வொரு நாளும், கொஞ்சம் எண்ணெய்ப்பசையான சாப்பாட்டோடு சேர்த்தே போடுவதுதான் முக்கியம். பித்தப்பைக் கல், கணையத் தொந்தரவு, இதய நோய் உள்ளவர்கள் மட்டும் இந்த நெய் விஷயத்தை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யவும்.

கொழுந்தனாரைப் பற்றி இன்னும் கொஞ்சம். இந்த மூளைக்கட்டி விஷயத்தில் உலகம் இன்று அறிந்ததில் ஒரு நல்ல பங்கு வேலூரில் இருந்து போனது. ஸ்கேனில் சின்னதாக ஒற்றை வளையம் தெரிந்தால் அதைக் காசநோய்க் கட்டி என்று நினைத்து மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்த காலம் உண்டு. சி.எம்.சி.யில் டாக்டர்கள் சாண்டி, ராஜசேகர் ஆகியோரின் குழு அப்படிப்பட்ட கட்டிகளை எடுத்துப் பரிசோதித்து, பெரும்பாலானவை நாடாப்புழுவின் கூடுதான் என்று 1991இல் காட்டியது. பின்னால் வேலூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 50 ஆயிரம் பேரிடம் நடந்த கணக்கெடுப்பில், வலிப்பு உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு இந்தப் பூச்சிதான் காரணம் என்று தெரிந்தது. அதனால் உங்கள் வீட்டில் யாரும் வெட்கப்படவும் வேண்டாம், 'நாங்க பன்றிக்கறியே தொடமாட்டோமே' என்று குழம்பவும் வேண்டாம். சரியாக வேகாத பன்றிக்கறியைச் சாப்பிடுகிறவருக்கு வருவது குடலில் நாடாப்புழு. மூளைக்குப் போவது, அப்படிக் குடலில் புழு உள்ள ஒருவரின் மலத்தில் இருந்து வரும் முட்டை, கை வழியாகவோ தண்ணீர் வழியாகவோ கழுவாத பச்சைக் காய்கறி வழியாகவோ வாய்க்குள் போவதால். சுத்த சைவக்காரருக்கும் வரும். வீட்டில் வேறு யாருக்காவது குடலில் நாடாப்புழு இருக்கிறதா என்று மலப் பரிசோதனை செய்யலாமா என டாக்டரிடம் கேளுங்கள், நியாயமான கேள்விதான்.

அல்பென்டசோலோடு ஸ்டீராய்டு மாத்திரையும் எழுதியிருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். புழு சாகும்போது சுற்றி வீங்கும், அந்த வீக்கத்தாலேயே வலிப்பும் தலைவலியும் வரலாம், அதை அடக்கத்தான் அது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு அல்பென்டசோலின் அளவை ரத்தத்தில் ஏற்றவும் செய்யும். ஃபெனிடாய்ன், கார்பமசிப்பின், ஃபெனோபார்பிட்டால் இவை இறக்கும். அதற்காக வலிப்பு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது இதைவிட ஆபத்து. எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் டாக்டர் மேஜையில் கொட்டுங்கள், போதும். ஒரு மாத்திரை நன்றாக வேலை செய்கிறதே என்று வீட்டில் மற்றவர்கள் அவருடைய அட்டையில் இருந்து கிள்ளிப் போடுவதும் கூடாது. நாள்கணக்கில் போடுகிறவருக்கு ரத்த அணுக்களையும் கல்லீரலையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதத்தில் தொடக்கூடாது, அதற்குப் பிறகும் டாக்டர் சொல்லாமல் வேண்டாம். வலிப்பு உள்ளவர், அல்லது காரணம் தெரியாத தலைவலி உள்ளவர், கடையில் பூச்சி மாத்திரை வாங்கித் தானாகப் போட்டுக்கொள்வதும் வேண்டாம். மூளையில் யாரும் அறியாமல் இருந்த கூட்டை அந்த ஒரு மாத்திரை கிளப்பிவிட்டு வலிப்பு வந்த சம்பவங்கள் உண்டு.

இவ்வளவும் உறுதியானது. உறுதியில்லாத ஒன்றும் இருக்கிறது. குடல் பூச்சிக்குப் போடும் ஒற்றை மாத்திரையைக் கொழுப்போடு கொடுத்தால் ரத்தத்துக்குள் அதிகம் போய்க் குடலில் குறைந்துவிடுமோ என்று சிலர் கேட்கிறார்கள். கொக்கிப்புழு ரத்தம் குடிக்கிற பூச்சி ஆயிற்றே, ரத்தத்தில் மருந்து ஏறினால் அதற்கு இரண்டு பக்கமும் அடிதானே என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டும் கேட்கச் சரியாகத்தான் இருக்கின்றன, இரண்டுமே தீர்ந்த வழக்கு இல்லை. சாப்பாடு எப்படி இருந்தாலும் ஒற்றை மாத்திரைக்கு உருண்டைப்புழு நன்றாகப் போகும், கொக்கிப்புழு பெரும்பாலும் போகும், சாட்டைப்புழு சரியாகப் போகாது.

மற்ற மருந்துகளைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'பூச்சி மாத்திரைக்கு எண்ணெய்ச் சாப்பாடு' என்று ஒரே விதியாக ஊரில் பரவிவிட்டால் அதுவும் தொல்லை. யானைக்கால் நோய்க்கு வீடு வீடாக வந்து கொடுக்கிற டி.இ.சி. மாத்திரையைச் சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும், ஆனால் காரணம் கொழுப்பு இல்லை, வெறும் வயிற்றில் மயக்கமும் குமட்டலும் வரும் என்பதுதான். அமீபா பேதிக்கு எழுதும் மெட்ரோனிடசோல், டினிடசோலும் அதே காரணத்துக்காகச் சாப்பிட்ட பிறகு. அந்த நாட்களில் மது தொடவே கூடாது. மலேரியாவுக்கான ஆர்டிமெதர்-லூமிஃபான்ட்ரின் மாத்திரைக்குக் கொழுப்பு வேண்டும், காய்ச்சலில் சோறு இறங்காவிட்டால் ஒரு டம்ளர் பாலாவது. குடல் நாடாப்புழுவுக்கான நிக்லோசமைடை வெறும் வயிற்றில் மென்று விழுங்கச் சொல்லும் புத்தகங்கள் உண்டு, லேசான காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்பவையும் உண்டு. உங்கள் மாமியாருக்கு இதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

ஐவர்மெக்டின்தான் இதில் வேடிக்கையான கேஸ். 2015இல் நோபல் பரிசு வாங்கித் தந்த மருந்து. கொரோனா இரண்டாம் அலையில் எங்கள் ஜன்னலில் அதைக் கேட்காத ஆளே இல்லை. பெரிய ஆய்வுகள் வந்து பார்த்தபோது கொரோனாவுக்கு அது உதவவில்லை. குடல் சுவரில் இருக்கும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழுவுக்குக் கொடுக்கும்போது வெறும் வயிற்றில் தண்ணீரோடு என்கிறது மருந்துத் தாள். சொறிப்பூச்சிக்கு, அதாவது ராத்திரி அரிக்கும் சிரங்குக்குக் கொடுக்கும்போது சாப்பாட்டோடு என்கிறார்கள், ஏனென்றால் அது தோல் வரைக்கும் போய்ச் சேர வேண்டும். நிறைய கொழுப்போடு சாப்பிட்டால் ரத்தத்தில் இரண்டரை மடங்கு ஏறுகிறது. இதிலும் பாருங்கள், பூச்சி இருக்கும் இடம் மாறினால் விதியும் மாறுகிறது. மருந்துச்சீட்டு எழுதியவர் சொன்னபடியே போடுங்கள், போன வருடம் பக்கத்து வீட்டுக்காரர் போட்டபடி போடாதீர்கள்.

உங்கள் மகனுக்கு மறுபடியும் கொடுக்க வேண்டாம். போட்டது போட்டதுதான், அடுத்தது ஆறு மாதம் கழித்துப் பள்ளியிலேயே கொடுப்பார்கள். ராத்திரியில் பல்லைக் கடிக்கிறான், வெல்லம் நிறைய தின்கிறான் என்பதற்காக நடுவில் கொடுக்காதீர்கள். பல்லைக் கடிப்பது பூச்சியின் அடையாளம் இல்லை, வெல்லத்தில் இருந்து பூச்சி முளைப்பதும் இல்லை. ராத்திரியில் ஆசனவாயில் அரிப்பு, வெள்ளை நூல் துண்டு மாதிரி ஏதாவது தெரிகிறது என்றால் அது வேறு பூச்சி. அதன் முட்டையை மாத்திரை கொல்லாது, அதனால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு மாத்திரை, வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து என்று டாக்டர் சொல்லக்கூடும்.

பூச்சி ஒன்றும் வெளியே வரவில்லையே என்ற கவலை பாக்கி. இந்த மாத்திரை பூச்சியை அடித்துத் தள்ளுவதில்லை, அது சர்க்கரையை உறிஞ்ச முடியாமல் செய்து பட்டினி போடுகிறது. அதற்குச் சில நாள் ஆகும். செத்த பூச்சி பாதி குடலிலேயே கரைந்துவிடும். கொக்கிப்புழு முழுசாக வந்தாலும் ஒரு சென்டிமீட்டர்தான், மலத்தில் கிளறித் தேடினாலும் கண்ணில் படாது. அதோடு, எல்லாப் பிள்ளைக்கும் பூச்சி இருக்கிறது என்று பரிசோதித்துவிட்டு யாரும் மாத்திரை கொடுப்பதில்லை, ஊர் மொத்தத்துக்கும் கொடுக்கிறார்கள். உங்கள் பையன் வயிற்றில் பூச்சியே இல்லாமலும் இருந்திருக்கலாம்.